கற்பூரம் அணைந்த பிறகு நீ தட்டியது

வேலம்பாளையம்
15.11.2009

அன்பு மகள் அனுசுயாவுக்கு அம்மா எழுதுவது, இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நடமாட்டமாக இருக்க வேண்டும். உன் தம்பி முனீஸ் இறந்து வருஷம் திரும்பிய அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் நான், உங்கப்பா குருசாமி, முனீஸ் பெண்டாட்டி சித்ராதேவி, அவள் இடுப்பில் பிள்ளை, பக்கத்து வீட்டு ஜுபைதா, சாயப்பட்டறை சூப்பர்வைசர் கந்தவேல், குறி சொல்ல வந்த பழனாயி, அப்புறம் மடியில் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரோடு நீ. பிள்ளையோடு எட்டுப் பேர். நாலாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் ஒரு ஆளையும் ஒரு சொல்லையும் விட மாட்டேன், உனக்கே தெரியும்.

அன்று காலையில் அந்தக் கம்ப்யூட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பனியன் கம்பெனி பேக்கிங்கில் பத்தொன்பது வருஷம் நின்ற கை, தராசு வேண்டாம். ஒரு டஜன் பிள்ளை பனியன் கனம், ஒரு கிலோ வராது என்றேன். நீ சிரித்தாய், ஓடுகிற பஸ்ஸிலும் ரயிலிலும் இதை மடியில் வைத்தே பேப்பருக்கு எழுதி அனுப்புகிறேன் என்றாய். அப்படியானால் பழனாயி சொல்வதையும் ஒரு சொல் விடாமல் அதில் ஏற்று என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வேலை பார்த்த சாயப்பட்டறைக்கு லீவு, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போது செல்லில் யாரோ கூப்பிட, முனீஸ் கையைக் கழுவிவிட்டுப் போனான். மறுநாள் பட்டறையில் பூட்டிக் கிடந்த சாய மருந்து ரூமுக்குள் பிணமாகக் கிடந்தான், செல் சாய டிரம்முக்குள் கிடந்தது. கூப்பிட்டது யார்? சித்ராதேவி முதல்நாள்தான் கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள், அவள்தான் போனில் சண்டை போட்டு அவனை வீட்டில் இருக்க விடாமல் விரட்டினாள் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு வருஷம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

பழனாயி முனீஸாக ஆடிக்கொண்டே, இந்த ஊர்ப் பேச்சில், "தாகமா இருக்குதுங்கம்மா, புள்ளையப் பாத்துக்குங்கம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவில்பட்டியில் வளர்ந்த பிள்ளை, "ஏம்மா, சோத்தப் போடு" என்பானே தவிர என்னிடம் ஒருநாளாவது ங்க போட்டிருப்பானா? ஜுபைதா என் காதுக்குள், "மேல போயி மரியாதை கத்துக்கிட்டான் போல" என்றாள். கற்பூரம் அணைந்தது, பழனாயி ஆட்டத்தை நிறுத்தி வெற்றிலை கேட்டாள். உன் விரல் மட்டும் நிற்கவில்லை. நீ அந்தத் திரையைக்கூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், விரல் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளை உன் விரலைப் பார்த்து "அப்பா" என்றது. என்னட்டி எழுதுகிறாய் என்று கேட்டேன். மூடியைச் சாத்தி, "ஒண்ணுமில்லம்மா, பேட்டரி போச்சு" என்றாய். மூடுகிறபோது வெளிச்சம் இருந்ததை நான் பார்த்தேன். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பியவள் அதை என் பீரோவில் வைத்துவிட்டு சார்ஜ் வயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய், மறதி என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் சேலை எடுக்கப் போனேன், சேலைக்கு மேலே இருந்த அது நகரவில்லை. இரண்டு கையும் போட்டுத் தூக்கினேன், ஐம்பது பீஸ் கட்டு கனம் கனத்தது. ஜுபைதா மகள் ரிஃபானா காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் அல்லவா, அவளைக் கூப்பிட்டேன். ஒரு கையால் எடுத்தாள். "லேசாத்தானே இருக்கு பாட்டி" என்றாள். சார்ஜ் போடாமல் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது, எரியாது என்று சொல்லிக்கொண்டே திறந்தாள், எரிந்தது. பழனாயி சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததையும் அந்தப் பெண் வாசித்துக் காட்டினாள். "அக்கா, நீ கேட்ட போட்டோ எடுத்துட்டேன். சாயத்தண்ணிய ஆத்துல விடுத குழாய் படத்துல நல்லா விழுந்திருக்கு. யாரு கூப்பிட்டாலும் குரல் குடுக்காதன்னு சொன்னேல்ல, கந்தவேல் அண்ணன் வந்து உள்ள யாருன்னு மூணு தடவ கேட்டாரு, நான் குரல் குடுக்கல. வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு. மருந்து நெடி தாங்கல அக்கா. செல்லு டிரம்முக்குள்ள விழுந்துட்டு. இப்ப கூப்பிடுதேன், ஒருத்தரும் இல்ல." இது முனீஸ் பேச்சு. பழனாயிக்கு வராது.

கந்தவேலை வரச் சொல்லி அதைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். "மூணு தடவ சத்தம் போட்டது நெசமுங்கம்மா. அத நான் சம்சாரத்துகிட்டக்கூடச் சொன்னதில்லீங்களே, அனுசுயா பாப்பாவுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். அதனால் ஏதோ நினைப்பில் தட்டிவிட்டேன் என்று எனக்குப் பதில் எழுதாதே. கேட்டுவிட்டுப் பூட்டிய மனுஷன், அவரை அன்றைக்கே மன்னித்தேன். சித்ராதேவியிடம் தண்ணீர் கேட்டேன். அவள் சொம்பில் கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லில் கூப்பிட்டுத் தம்பியிடம் போட்டோ கேட்டது நீதான், அதுகூட எனக்குப் பெரிசில்லை, ஊருக்கு நல்லது என்றுதான் கேட்டிருப்பாய். ஆனால் வாராவாரம் போனில் நான் சித்ராதேவியைச் சபித்தபோதெல்லாம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாயே, அதற்கு என்ன பதில்?

நேற்றும் பட்டப்பகலில் பீரோவுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது, உங்கப்பாவும் கேட்டார். அவனுக்கு இன்னும் சொல்ல இருக்கிறது போல. வயரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொள், தைராய்டு மாத்திரையை நிறுத்தாதே. நோய்நொடி இல்லாமல் எனக்குப் பின்னாலும் நெடுநாள் நீ இருக்க வேண்டும், இன்னொரு பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க என்னிடம் தெம்பு இல்லை. வந்தால் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு, தலையில் எண்ணெய் வைத்துவிட என் கையும் உண்டு. ஆனால் மனசில் ஒரு ஆளுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை, அது என் மூத்த மகள் அனுசுயா.

இப்படிக்கு,
உன்னையும் முனீஸையும் பெற்ற
கருத்தம்மா