பட்டமரத்தில் உட்கார்ந்திருப்பது

பாசமும் கோபமும் சரிபாதியாக, அக்காவுக்கு,

அம்மாவின் வீட்டை விற்றது பற்றி இதில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். பயப்படாமல் படி.

போன வருடம் நாம் சண்டை போட்டோமே, அந்தப் பறவை மறுபடி சரணாலயத்துக்கு வந்திருக்கிறது. ஏரி நடுவே அதே பட்டமரம், அதே உச்சிக்கிளை. அது மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பான்தான். வெறும் பருந்து என்று நீ ஒற்றைக்காலில் நின்றாயே, அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். யாராவது உட்கார வந்தால் முறைக்கிறேன். பழக்கதோஷத்தில் பெரிய பிளாஸ்க்கைத்தான் எடுத்துப்போகிறேன். பாதி டீ அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

நேற்று அது நல்ல வெளிச்சத்தில், எங்கள் பக்கம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. கையில் கேமரா தயாராக இருந்தது.

"எடுங்கம்மா, ஒரே போட்டோல உங்க அக்கா தங்கச்சி சண்டை தீர்ந்துடும்" என்றார் சரணாலயக் காவலர்.

நான் லென்ஸை மூடிவிட்டேன். நாம் சிரித்துக்கொண்டே போடக்கூடிய சண்டை இது ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. இதையும் தீர்த்துவிட்டால் எதைச் சாக்கிட்டு உன்னைக் கூப்பிடுவேன்?

வெயில் காலம் பிறந்தால் அது கிளம்பிவிடும். அதற்குள் வா. வந்து, பருந்துதான் என்று என் முகத்துக்கு நேரே சொல்.

விட்டுக்கொடுக்காத
உன் தங்கை