காளிச்சாமி போன வழி

எருத்தேன்பதி,
2-12-1974

மதிப்பிற்குரிய ராக்கப்பன் அவர்களுக்கு,

எருத்தேன்பதி குப்பண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் குளிர்காலத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. நிலக்கடலை எடுத்துக் காயவைத்து ஏற்றிவிட்டோம்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. போன மார்கழியில் பீர்மேடு ஆஸ்பத்திரி வாசலில் என் மகனை வாங்கிப்போக வந்து நின்றேன். நீங்கள் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு மரத்தடியில் நின்றீர்கள். இவர்தான் முதலில் பார்த்தவர் என்று போலீஸ்காரர் காட்டினார். உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறிவிட்டேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

என் மகன் காளிச்சாமி சித்தூர் காலேஜில் படித்தவன். படித்து முடித்ததும் வேலை தேடுவான் என்று பார்த்தால், பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். குளிர்காலத்தில் தனியாகக் காடு காடாகப் போக வேண்டும், கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு பைத்தியம். அப்படிப் போனவன்தான் உங்கள் ஊர்ப் புல்மேட்டில் கூடாரத்துக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, அந்தப் புகையில் முடிந்துபோனான். இருபத்து மூன்று வயது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், நானும் அதே வழியில் வரலாம் என்று இருக்கிறேன். தனியாகத்தான். அவன் போகும் வழியை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தான். அது ஜீப்போடு திரும்பி வந்தது. எங்கே தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே யானை தாண்டும், எந்த வளைவில் வண்டி திணறும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி மார்கழி ஏழாம் தேதி இங்கிருந்து கிளம்பி, உடுமலை தாண்டி முதல் தங்கல் சின்னாறு. அடுத்தது மறையூர். பிறகு மூணாறு. நான்காவது தங்கல் ஏலக்காட்டுக்குள். பதினோராம் தேதி சாயங்காலம் உங்கள் ஏலப்பாறை.

காட்டுக்குள் தங்க அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். பாரஸ்ட் ஆபீசில் இருந்தவர், இந்த வயதில் எதற்கு என்று கேட்டார். கோயிலுக்கு என்று சொன்னேன். தார்ப்பாய், ஸ்டவ், இரண்டு கம்பளி, வண்டிக்கு ஒரு பட்டை ஸ்பிரிங், பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்துவிட்டேன். சாப்பாட்டுக்கு ராகி மாவும் கருப்பட்டியும் போதும்.

உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. அவன் கூடாரம் போட்ட அதே இடத்தில் நானும் போட உங்கள் தேயிலை எஸ்டேட்காரர்கள் விடுவார்களா? அந்த இடத்தை எனக்குக் காட்ட முடியுமா? காட்டிவிட்டு நீங்கள் உங்கள் வேலைக்குப் போய்விடலாம். எனக்குத் துணை வேண்டியதில்லை.

இன்னொன்று. எனக்கு அந்த ஜீப் அதற்குப் பிறகு தேவைப்படாது. என் மகனைத் தூக்கி வெளியே கிடத்தியவர் நீங்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆர்.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு ஸீட்டுக்கு அடியில் வைத்திருப்பேன்.

பதில் போடுங்கள். தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
குப்பண்ணன்


எருத்தேன்பதி,
17-12-1974

அன்புள்ள தம்பி ராக்கப்பனுக்கு,

காளிச்சாமியின் அம்மா கமலாத்தாள் எழுதுவது. முகம் தெரியாத நான் தம்பி என்று எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் மகனைக் கடைசியாகத் தொட்ட கை உங்கள் கை. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

'வாருங்கள், இடம் காட்டுகிறேன்' என்று நீங்கள் போட்ட பதில் வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்குப் பிறகு சவரம் செய்துகொண்டார். பார்த்தவர்கள் எல்லாம் மனிதர் தேறிவிட்டார் என்றார்கள். எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது தம்பி. ஐம்பத்தேழு வயதில் கடலைக்காட்டில் கோடு போட்டுக்கொண்டு தினமும் பழகினார். வரப்பில் ஏற்றி இரண்டு தரம் கவிழ்த்தார். இப்போது பொள்ளாச்சி வரைக்கும் தனியாகப் போய் வருகிறார். அதோடு நின்றிருந்தால் சரி. கிணற்று மோட்டாரை மருமகன் பெரியமுத்துவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார். எருதுகள் இரண்டையும் மருமகன் கொட்டகையிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "வர்றதுக்கு நாளாகுமல்ல, அதுக வயிறு காயக்கூடாதுன்னுதான்" என்றார். பத்து நாள் பயணத்துக்கு எருதைக் கொண்டுபோய் யாராவது கட்டுவார்களா?

உங்களுக்கு அவர் எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டும். போன வருஷம் இந்தப் பயணம் வேண்டாம் என்று மகனோடு சண்டை போட்டு, பத்து நாள் அவனோடு பேசாமல் இருந்தார். அவன் கிளம்பிய காலையில் மனசு கேட்கவில்லை. கொட்டாங்குச்சிக் கரி ஒரு மூட்டையும் இரும்புச் சட்டியும் அவரே தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினார். "மலைல குளுரு கொன்னு போடும் சாமி. சட்டிய உள்ளார வெச்சுட்டு கூடாரத்து வாயை இறுக்கிக் கட்டிக்கோ" என்றார். அப்பா சொன்னதை ஒரு நாளும் கேட்காத பையன், அதை மட்டும் கேட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. நான் எந்த நினைப்பில் இருந்தேனோ தெரியாது. எல்லார் முன்னாலும், "நீங்க குடுத்தனுப்புன கரிதானுங்க எம் பையனத் தின்னுபோடுச்சு" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து தோட்டத்துச் சாளைக் குடிசையில்தான் படுக்கை. சோற்றுப் போசியை வாசற்படியில் வைப்பேன், எடுத்துக்கொள்வார். சொன்னதைத் திரும்ப வாங்கப் பல நாள் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. பொய் என்று சொல்ல முடியாதே. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது ஜீப்பில் அவர் ஏற்றியிருக்கும் சாமான்களில் அதே அளவில் ஒரு கரி மூட்டை இருக்கிறது. நான் இரண்டு முறை இறக்கி வைத்தேன். இரண்டு முறையும் திரும்ப ஏறிவிட்டது.

தம்பி, அவரைத் தடுக்க என்னால் முடியவில்லை. பெரியமுத்துவைக் கூட அனுப்புகிறேன் என்றேன், "தனியாத்தான் போகோணும்" என்கிறார். இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். போ என்று விரட்டினாலும் போகாதீர்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். அவர்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கமலாத்தாள்


ஏலப்பாறை,
3-1-1975

அன்புள்ள கமலாத்தாள் அக்காவுக்கு,

ராக்கப்பன் எழுதுகிறேன். முதலில் ஒரு சேதி. அத்தான் உயிரோடு, எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டில் இருக்கிறார். இதைப் படித்துவிட்டு, மூச்சு விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் அவர் வருவதற்கு நான்கு நாள் முன்பே கிடைத்தது. சொன்னபடி மார்கழி பதினோராம் தேதி, டீத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். ஜீப்பெல்லாம் சேறு. சின்னாற்றில் யானைக் கூட்டம் ஒரு காலை முழுக்க ரோட்டை மறித்து நின்றதாம். வண்டியை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். "பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டுப் போச்சுங்க. அதுகூட என்னைய ஒண்ணும் பண்ணலீங்க" என்று சொன்னார். மூணாற்றில் உறைபனி விழுந்து விடியும்போது தார்ப்பாய் பலகை மாதிரி ஆகிவிட்டதாம், மடிக்க முடியவில்லையாம். ஒவ்வொரு தங்கலிலும் காளிச்சாமி நோட்டில் எழுதியிருந்த ஊற்றைத் தேடிப்பிடித்துத் தண்ணீர் குடித்திருக்கிறார். "நல்ல தண்ணின்னு எழுதியிருந்தானுங்க. நல்ல தண்ணிதானுங்க" என்று அதை மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

வாகமண் ரோட்டில், தேயிலை முடிந்து புல்மேடு ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டினேன். அவரே கூடாரம் அடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "நீங்க கெளம்புங்க, இருட்டப் போகுது" என்றார். போகவில்லை. கோபப்பட்டார். அப்போதும் போகவில்லை. கடைசியில் மூட்டையையும் சட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, அப்போது நான் அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். போலீசிடம் சொல்லவில்லை, என் மனைவி சுருளியம்மாளிடம்கூட ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. உங்கள் மகனை நான் முதலில் பார்த்தது அந்தக் காலையில் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே பார்த்தேன். வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். கூடார வாசலில் உட்கார்ந்து சட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். ஊரைச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே சொன்னான்: "எங்கப்பா குடுத்துவுட்டதுங்ண்ணா. பத்து நாளா மொகங்குடுத்தே பேசலீங்க. கெளம்பறப்ப பாத்தா அவரே மூட்டையத் தூக்கியாந்து ஏத்தறாருங்க." சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான் அக்கா.

நான் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். இருபது வருஷமாக நெருப்போடு வேலை. மூடின இடத்தில் கரி ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து லயத்தில் அப்படி ஒரு புருஷன் பெண்டாட்டி செத்திருக்கிறார்கள். சட்டியைப் பார்த்ததும், உள்ளே வைக்காதே தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். காலேஜ் படித்த பிள்ளை, அவனுக்குத் தெரியாதா, நாம் சொன்னால் சிரிக்கப் போகிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். பார்த்து இருப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காலையில் ஷிப்டுக்குப் போகும்போது கூடாரம் கட்டினது கட்டினபடி இருந்தது.

இதைச் சொன்னதும் அத்தான் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "தெரிஞ்சுட்டே போனியாடா" என்று கேட்டுக் கன்னத்தில் அடித்தார். வாங்கிக்கொண்டேன். எங்களைக் கஞ்சிக்குக் கூப்பிட வந்த சுருளியம்மாள் சத்தம் கேட்டுத் தேயிலை ஓரத்தில் இருந்து ஓடி வந்தாள். அடித்த கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவில், "சிரிச்சானுங்களா? மூட்டைய நாந்தான் ஏத்துனேன்னு சிரிச்சுட்டுச் சொன்னானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டார். எத்தனை தரம் கேட்டாரோ அத்தனை தரமும் சொன்னேன்.

சுருளியம்மாள் கரி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, கஞ்சி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். அவர் அவள் பின்னாலேயே வந்தார்.

அன்றிலிருந்து மூன்று நாள் நல்ல காய்ச்சல். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது காய்ச்சல் இல்லை. தினமும் விடிந்ததும் புல்மேட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். என்னிடம் கோபமா என்று ஒரு நாள் கேட்டேன். "உங்க மேல கோவப்பட்டு என்னுங்க பண்றது. நீங்களும் வேணும்னேவா வுட்டீங்க" என்றார். அவருக்கும் அதே நியாயம்தானே என்று சொல்ல நினைத்தேன். என் வாயால் சொன்னால் எடுபடாது என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குப் போகலாம் என்றால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரே ஒரு தடவை, "எந்த மொகத்த வெச்சுட்டுப் போறதுங்க" என்றார். உங்கள் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. அதில் உள்ளதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுதவும் வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் சும்மா வந்து நின்றாலே போதும்.

மாப்பிள்ளை பெரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டில் இருந்து கோட்டயம் வந்துவிடுங்கள். அங்கிருந்து மலை ஏறும் பஸ் இருக்கிறது. வளைவுகள் அதிகம், தலை சுற்றும், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமையில் இருந்து சாயங்கால பஸ்ஸுக்குத் தினமும் ஏலப்பாறையில் வந்து நிற்பேன். எந்த நாள் வந்தாலும் நான் இருப்பேன்.

நேற்று சுருளியம்மாள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், நாங்கள் யாரும் உங்கள் பேச்சை எடுக்காதபோது, தானாகவே சொன்னார்: "எங்கூட்டுக்காரிக்கு இந்தக் குளுரு தாங்காதுங்க. அவ வந்தா ரெண்டு கம்பளி வேணும்."

ரெண்டு கம்பளியும் வாங்கி வைத்துவிட்டோம். வந்துவிடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
ராக்கப்பன்