உங்கம்மாவுக்காகச் செஞ்ச நாற்காலி

அடியே,

காய்ச்சல் விட்டுச்சா? மாத்திரையை ஒழுங்கா போடு.

ஊருக்குக் கிளம்புறப்போ, "டிசைன் போட்டிக்கு என்னோடதையும் நீயே கொடுத்துடு"ன்னு சொன்னியே, கொடுத்தேன். பேர் எழுதக்கூடாது, நம்பர் சீட்டு மட்டும்தான் ஒட்டணும். அவசரத்துல உன் சீட்டை என் விளக்குலயும், என் சீட்டை உன் நாற்காலியிலயும் ஒட்டித் தொலைச்சிருக்கேன். சத்தியமா தெரியாம நடந்துச்சுடி.

நேத்து என் நம்பரைக் கூப்பிட்டாங்க. முதல் பரிசு, கூடவே மூணு மாசம் வெளிநாடு போய்ப் படிக்க உதவித்தொகை. துள்ளிக்கிட்டு மேடை ஏறினா, அங்க நிக்குது உன் நாற்காலி. அப்பவே சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா கையை நீட்டிப் பரிசை வாங்கிட்டேன்.

நடுவர் மேடம் மைக்கை நீட்டி, "உட்கார்ந்தவங்களைத் தூக்கி விடுற மாதிரி கைப்பிடி வெச்சிருக்கியே, எப்படிம்மா தோணுச்சு?"ன்னு கேட்டாங்க.

"எங்கம்மாவுக்கு முழங்கால் வலி மேடம்."

உங்கம்மாவோட வலியை எங்கம்மாவுக்குன்னு சொல்லிட்டேன். எங்கம்மா மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி ஏறுறவங்கன்னு உனக்குத் தெரியும். முன்வரிசையில இருந்தாங்க, நான் கையை வேற காட்டிட்டேன். மொத்தக் கூட்டமும் அவங்களை எட்டிப் பார்த்துக் கைதட்டுச்சு.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா எழுந்து கும்பிட்டாங்க.

இன்னும் என்னைச் சேர்த்துக்கிட்டா,
உன் ரூம்மேட்