தெனிம்பாவின் ‘ஆம்’, என் ‘இல்லை’

மே 6, 2023, சனி

புதிய சாசனத்துக்கான வாக்கெடுப்புக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஜூன் 18. மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது, தள்ளிப்போனது, இப்போது நிச்சயமாம். மின்சாரம் போய் மூன்று மணி நேரம். பேட்டரி வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அறிவிப்பு முடிந்ததும் மக்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு நிபுணர் வருகிறார் என்றார்கள். யார் என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெனிம்பா ஃபானே. பள்ளியிலிருந்து சட்டம் வரை என்னோடு படித்தவள். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அடுத்த அறையில் பாடம் நடத்துகிறவள். புதிய அரசியல் சாசனத்தை எழுதிய குழுவில் ஒருத்தி.

நான் அந்தக் குழுவில் இல்லை. இப்போது இங்கே நடப்பதுபோல ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டு நடத்தும் பொதுவாக்கெடுப்பு செல்லுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைநகர் பமாகோவில் இதைப் பற்றி என்னைவிட அதிகம் படித்தவர் யாருமில்லை. குழு அமைத்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

போயிருக்க மாட்டேனா?

மே 9

சாப்பிடும்போது என் கணவர் இசியாக்கா: “தெனிம்பா நல்லா பேசுறா. தக்காளி விக்கிறவளுக்குக்கூடப் புரியுது. நீ பேசினா கட்டிக்கிட்ட எனக்கே புரியாது.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நிலக்கடலைக் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றும் சொன்னார். இரண்டாவதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டேன்.

மே 14, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் கல்யாணம். தெனிம்பா நீலப் பட்டையடித்த பாசான் உடையில் வந்தாள். கஞ்சி போட்டு மெருகேற்றிய துணி, நடந்தால் சரசரவென்று சத்தம். பாட்டுக்காரி மணப்பெண்ணை விட்டுவிட்டு ஃபானே வம்சத்தைப் பாட ஆரம்பித்துவிட்டாள். தொலைக்காட்சியில் வருகிறவள் அல்லவா.

என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினாள். “ஏய் மாட்டுத்திருடி! சோறு எங்க இருக்குன்னு மோப்பம் பிடிச்சு வந்துட்டியா?”

“வா கரிக்கை. கையைக் கழுவிட்டுத்தானே வந்தே?” என்றேன்.

எங்கள் சங்காரே குலத்துக்கும் ஃபானேக்கும் கேலிமுறை. நாங்கள் மாடு மேய்த்த ஃபுலா, அவர்கள் கொல்லர்கள். எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டவர் தோற்றவர். முப்பது வருடமாக ஒருவரையொருவர் நல்ல வார்த்தை சொல்லி அழைத்ததில்லை.

கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்தபோது கேட்டேன், “துப்பாக்கியோட வந்தவங்க கேக்குற கேள்விக்கு ஜனங்க சொல்றது பதிலா, தெனிம்பா?”

“நீ கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கியே தொண்ணூத்திரண்டு சாசனம், அது எப்படி வந்துச்சாம்? சிப்பாய்ங்க அப்ப ஆண்ட ஜெனரலைப் பிடிச்சு உள்ள போட்ட பிறகுதானே வாக்கெடுப்பு வச்சாங்க? நான் போய் ஆம்னு போட்டேன். நீ போடலியே.”

அப்போது எனக்குப் பதினேழு. அவள் ஐந்து மாதம் மூத்தவள், பதினெட்டு முடிந்திருந்தது. மை தடவிய விரலை வகுப்பில் ஒரு வாரம் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்து அது இன்னும் நினைவிருக்கிறது என்பது நல்ல அறிகுறியில்லை.

ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. சோற்றுத் தட்டு வந்துவிட்டது.

மே 16

பதில் இன்று வந்தது, இரண்டு நாள் தாமதமாக. எழுதி வைக்கிறேன்.

அன்றும் தொடக்கம் கறைபட்டதுதான். ஆனால் அந்தச் சிப்பாய்கள் எல்லாரையும் கூட்டி ஒரு மாநாடு வைத்தார்கள், திட்டியவர்களும் பேசினார்கள். சாசனம் வந்தது, தேர்தல் நடந்தது, பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிறப்பு மட்டும் போதாது. கேள்வி கேட்டவர் பதில் கிடைத்ததும் வெளியேறுகிறாரா என்று பார்க்க வேண்டும். வெளியேறினால் முன்னே போட்ட அந்த வாக்கும் சுத்தமாகிறது.

இசியாக்காவிடம் சொன்னேன். “வெளிய போன சிப்பாய்த் தலைவரு பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து தேர்தல்ல ஜெயிச்சாரே?” என்றார்.

“சீருடையைக் கழட்டிட்டு வந்தாரு.”

“உடம்பு அதேதானே?”

இவரையும் வரைவுக்குழுவில் போட்டிருக்கலாம்.

மே 23, செவ்வாய்

பக்காரி கொய்த்தா வந்தான். எங்கள் துறையில் விரிவுரையாளன், நல்ல மூளை, கொஞ்சம் அவசரக்காரன். பதினொரு ஆசிரியர்கள் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள்: இந்த வாக்கெடுப்பு செல்லாது. “அக்கா, உங்க பேரு இருந்தாத்தான் கனம். ஆய்வே உங்களோடது,” என்றான்.

படித்தேன். சரியாகத்தான் இருந்தது. நடப்பிலிருக்கும் சாசனம் என்ன சொல்கிறது? திருத்தத்தை நாடாளுமன்றம் முதலில் நிறைவேற்ற வேண்டும். நாட்டின் எல்லைக்குப் பங்கம் வந்திருக்கும்போது திருத்தவே கூடாது. வடக்கில் ஆயுதக் குழுக்களின் பிடியில், வாக்குப்பெட்டியே வைக்க முடியாத ஊர்கள் இருக்கின்றன.

கையெழுத்துப் போடவில்லை. மேற்கோள்கள் ஒழுங்காக இல்லை, சரிசெய்து கொண்டுவா என்றேன். முகம் சுருங்கிப் போனான்.

இது யாரும் படிக்காத நோட்டு, ஆகவே காரணம்: நான் பன்னிரண்டாவதாக இருந்திருப்பேன். ஜூன் 3 பேரரங்கில் விவாதம் இருக்கிறது, தெனிம்பாவும் நானும் மட்டும். அங்கே எல்லார் முன்னாலும் தனியாக அவளைத் தோற்கடிக்க வேண்டும்.

வாக்கெடுப்பைத் தோற்கடிக்க என்றுதான் எழுத நினைத்தேன். அவளை என்று வந்துவிட்டது.

ஜூன் 3, சனி

பேரரங்கில் நிற்க இடமில்லை. ஆறு மின்விசிறியில் இரண்டு ஓடின. தெனிம்பா முதலில் பேசினாள், கையில் தாள் இல்லாமல், ஊரே பேசும் பம்பரா மொழியில். பத்து நிமிடத்தில் ஏழு முறை சிரித்தார்கள். எண்ணினேன்.

என்னிடம் பதினான்கு பக்கம் இருந்தது. முதல் வரியை வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. முகங்களைப் பார்த்தேன். அவளுக்குச் சிரித்த முகங்கள். எனக்கும் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று — ஐயோ, நாற்பத்தொன்பது வயதில்.

“இந்தக் கொல்லன் மகளை நம்பாதீங்க. இவங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு ஒரு மண்வெட்டி அடிச்சுக் குடுத்தாரு. முதல் மழைக்கே வளைஞ்சு போச்சு. இப்ப பேத்தி சாசனம் அடிச்சுக் கொண்டாந்திருக்கா.”

அரங்கம் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். இனித்தது, பொய் சொல்லவில்லை, அரை நிமிடம் அவ்வளவு இனித்தது. பிறகு சட்டத்துக்கு வந்தேன்.

வர முடியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்கும் கேள்விக்கு ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது என்றேன். தெனிம்பா எழுந்தாள்: “துப்பாக்கி அடிச்சுக் குடுக்கிறதே நாங்கதான். பயப்படாதே, உன் மாட்டைச் சுட மாட்டோம்!” சிரிப்பு. சாசனப் பிரிவின் எண்ணைச் சொன்னேன். “பாருங்க, மாட்டைத் தவிர வேறயும் எண்ணக் கத்துக்கிட்டா!” சிரிப்பு. நாடாளுமன்றமே இல்லாமல் யார் நிறைவேற்றியது என்றேன். அவள் பாலைக் கறப்பதுபோல் கையைக் காட்டினாள். அதற்கும் சிரிப்பு. நடுவில் ஒரே ஒரு முறை நிஜமாகக் கேட்டாள்: “சந்தையில வெங்காயம் விக்கிறவ யோசிச்சு ஆம்னு சொன்னா, அது செல்லாதுன்னு சொல்ல நீ யாரு, சாலி?” நான் வாயைத் திறப்பதற்குள், “மாடு மேய்க்கிறவ!” என்று பின்வரிசையில் ஒருவன் பதில் சொல்லிவிட்டான்.

கதவைத் திறந்துவிட்டது நான்தான். கேலிமுறையில் ஆரம்பித்த பிறகு எதைச் சொன்னாலும் கேலிதான். கோபப்படவும் முடியாது. கடைசியில் சொன்னேன், “நான் விளையாட்டுக்குச் சொல்லல. இது செல்லாது. நெசமாவே செல்லாது.”

அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

ஜூன் 4

காணொளி எல்லாக் கைபேசியிலும் வந்துவிட்டது. ‘ஆம்’ பிரச்சாரக்காரர்களே பரப்புகிறார்கள். எதிர்ப்பவர்களோடுகூட எப்படிச் சிரித்துப் பேசுகிறோம் பாருங்கள், இதுதான் நம் நாடு என்று அடியில் எழுதியிருக்கிறது. என் தங்கை இரண்டு முறை அனுப்பினாள். “நீ இவ்வளவு தமாஷா பேசுவியா?”

தெனிம்பா என்னைவிட உயரமாகத் தெரிகிறாள் அதில்.

ஜூன் 5

கொய்த்தாவைத் தேடிப் போய், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இப்ப உங்க பேரைப் பார்த்தா ஜனங்க சிரிச்சுருவாங்க. அறிக்கை கெட்டுப்போகும்.”

நியாயம்தான்.

ஜூன் 11

சிப்பாய்களுக்கு இன்றே வாக்குப்பதிவு. கேட்டவர்களே முதலில் பதிலும் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 18, ஞாயிறு

போகவில்லை. போய் ‘இல்லை’ என்று போட்டாலும் கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். இது என் ஆய்வின் ஆறாம் அத்தியாயம். ஆனால் காலை முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். வரைவுக்குழுவில் என் பெயர் இருந்திருந்தால் ஆறாம் அத்தியாயம் நினைவுக்கு வந்திருக்குமா? சட்டம் சட்டம் என்கிறேனே, அதில் எத்தனை பங்கு சட்டம், எத்தனை பங்கு எரிச்சல்? பிரித்துப் பார்க்க முடியவில்லை. எரிச்சல்காரி சொல்வதால் ஒன்று பொய்யாகிவிடுமா?

இசியாக்கா மை விரலோடு வந்தார். எதற்குப் போட்டார் என்று கேட்கவில்லை.

ஜூன் 24

தொண்ணூற்றேழு சதவீதம் ‘ஆம்’. வாக்களிக்க வந்தவர்கள் நாற்பது சதவீதத்துக்கும் கீழே. தொலைக்காட்சியில் தெனிம்பா தொண்ணூற்றேழைப் பேசினாள். நான் வராதவர்களைப் பேசலாம். ஆனால் அவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்கு என்ன தெரியும்? பயம், வயல்வேலை, தூரம், அலுப்பு. எல்லாரும் ஆறாம் அத்தியாயம் படித்துவிட்டா வீட்டில் இருந்தார்கள்?

ஜூலை 25

புதிய சாசனம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அக்டோபர் முதல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அதை நடத்தப்போவது தெனிம்பா. எனக்கு நிலச் சட்டம்.

செப்டம்பர் 26, செவ்வாய்

நேற்று அறிவித்துவிட்டார்கள். பிப்ரவரியில் நடக்க வேண்டிய அதிபர் தேர்தல் தள்ளிவைப்பு. தொழில்நுட்பக் காரணங்களாம். புதுத் தேதி இல்லை.

சாயங்காலம் வாசலில் தெனிம்பாவின் கார். வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே திட்டிக்கொண்டு வருவாள். இன்று வாயைத் திறக்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இஞ்சிச் சாறு கொடுத்தேன். குடிக்கவில்லை.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“சொல்லிடு சாலி. அப்பவே சொன்னேன்லன்னு சொல்லு. சொல்லித் தொலை.”

மே மாதத்திலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். உள்ளே குபுக்கென்று சந்தோஷம் வந்தது. நாடு, தேர்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. இந்த வரிசையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இஞ்சிச் சாறு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே பேசினாள். “ஊர் ஊராப் போனேன். பதில் சொல்லுங்க, தேர்தல் வரும், அவங்க போயிருவாங்கன்னு என் வாயால சொன்னேன். அந்தப் பொம்பளைங்க என் முகத்தைப் பார்த்துத்தான் ஆம்னாங்க. அவங்க சொன்னது நிஜம்டி. அதை வாங்கிக்கிட்டவங்க…” நிறுத்திவிட்டாள். பிறகு, “நீ அறிக்கை எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“வரைவுக்குழுல இருந்தவ நீ. உனக்குத்தான் பெரிய ஆபத்து.”

“அதனாலதான் போடணும்.”

செப்டம்பர் 30

ஒன்பது பக்கம் எழுதினேன். தெனிம்பா என் மேசையிலேயே உட்கார்ந்து அடித்து அடித்து இரண்டாக்கினாள். “இது யாருக்கு? நூலகத்துக்கா?” எரிச்சலாக வந்தது. என் நான்கு பக்கத்தை ஒரே வரியாக்கியிருந்தாள்: மக்கள் சொன்ன ‘ஆம்’ தேர்தலுக்கான ‘ஆம்’, தேர்தல் இல்லையென்றால் அந்த ‘ஆம்’ உங்களுடையதல்ல. அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும். இருபது வருடம் இருந்தது எனக்கு.

இசியாக்கா கதவருகே நின்று, “பேரு போடாம வெளியிட முடியாதா?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடியாது என்றோம். அவர் உள்ளே போய்விட்டார். சாப்பிடவில்லை.

யார் பெயர் முதலில்? அவள் என்னைப் போடச் சொன்னாள். நான் அவளைப் போட்டேன். பெருந்தன்மையா? இல்லை, இடி விழுந்தால் முதலில் அவள் தலையில் விழட்டும் என்றா? யோசித்தேன். தெரியவில்லை. மாற்றவும் இல்லை.

அக்டோபர் 4, புதன்

அறிக்கை நேற்றைய வார இதழில் வந்தது. காலையில் கொய்த்தா என்னைப் பார்த்து எழுந்து நின்றான். மதியம் நிலச் சட்ட வகுப்பில் இரண்டு பேர் இதழைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள்.

நான்கு மணிக்குத் துறைத்தலைவரின் செயலர் தொலைபேசியில் அழைத்தாள். “நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஃபானே அம்மா வரணும். அமைச்சகத்துலேருந்தும் ஆளுங்க வர்றாங்க. அம்மாவுக்குச் சொல்லிடுறீங்களா?”

“சொல்றேன்.”

தாள் புரளும் சத்தம். “ஆங்… நீங்களும்தான் அம்மா. கூட வந்துருங்க.”

அந்த ‘நீங்களும்தான்’ குத்தியது. இப்போதும் குத்துகிறது. பழுப்பு நிறப் பாசானை இஸ்திரி போட்டு நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். ஒன்பதரைக்கே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.