இரண்டு படமும் ஒன்றுதான்

மார்ச் 3
என் சிறுநீரகப் புரதம் ஒன்றில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சொன்னவர் மருத்துவர்; மரபணு அறிக்கையை நானும் படித்தேன். அது கெடுதலா இல்லையா, இன்னும் தெரியாதாம். தெரியும்வரை அண்ணனுக்கு நான் சிறுநீரகம் கொடுக்க முடியாது.

மார்ச் 5
அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். படுக்கையிலும் மடிக்கணினி. புரதங்களின் வடிவத்தைக் கணிப்பதுதான் அவர் வேலை. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால், அந்தச் சங்கிலி எப்படி மடியும் என்று கணினி படம் போட்டுவிடும். எல்லோருக்கும் இருக்கும் வரிசைக்கு ஒரு படம், என்னுடையதற்கு ஒரு படம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். மயிரிழை விலகவில்லை.

"பாத்தியா? உனக்கு ஒண்ணுமில்ல."

அழுகையே வந்துவிட்டது எனக்கு. நிம்மதியில்.

மார்ச் 6
மருத்துவர் படத்தை ஒதுக்கிவிட்டார். "ஒண்ணு மாறினா கணினி பெரும்பாலும் அதே படத்தைத்தாம்மா போடும். உடம்புக்குள்ள அந்தப் புரதம் நிக்குமா, குலையுமான்னு இதுல தெரியாது. உங்க அண்ணனுக்குத் தெரியாததா?"

மார்ச் 8
செய்தியாளர் புத்தி, சரிபார்க்காமல் விடாது. இதே புரதத்தில், பிள்ளைகளைக் கொன்றதென்று உறுதியான மாற்றம் ஒன்றை ஆய்வுக் கட்டுரையில் தேடி எடுத்தேன். அதற்கும் படம் போடச் சொன்னேன் அண்ணனிடம். போட்டார். அதே படம்.

"அப்ப இது எதைத்தான் சொல்லுது அண்ணா?"

கணினியை மூடினார். "குடுக்க மனசில்லன்னு நேரா சொல்லு. இத்தனை வருஷம் ஊரான் சாவை எழுதிச் சாப்பிட்டவதானே. என்னுதையும் எழுதிக்கோ."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 9
தூங்கலை. நான் என்ன பண்ணினேன் அவருக்கு?

மார்ச் 12
அண்ணி வந்தார். உட்காரவில்லை.

"உங்க அண்ணனுக்கும் அதே மாற்றம்தான். அதாலதான் கிட்னி போச்சு. போன வருஷமே வெளியில டெஸ்ட் எடுத்தோம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டாரு."

ஒன்றைக் கொடுத்தபின் என்னிடம் மிஞ்சும் சிறுநீரகமும் ஒரு நாள் போகும் என்று தெரிந்தேதான் அந்தப் படத்தைக் காட்டினாரா?

"இப்ப ஏன் அண்ணி சொல்றீங்க?"

"நேத்து என் பொண்ணுகிட்ட கிட்னி கேட்டாரு."

நான் என்றால் பரவாயில்லை — அப்படித்தானே?

மார்ச் 15
அண்ணி சொன்னதை மருத்துவரிடம் சொன்னேன். நான் கொடுக்கக் கூடாது. மருத்துவர் எழுத்தில் தந்துவிட்டார்.

அண்ணன் மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அப்பா படம் போட்டுக் காட்டிட்டாரு அத்தை. மாறியிருந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். நீங்க பயந்துட்டீங்கன்னு சொன்னாரு" என்றாள்.

அவள் ரத்தம் இன்று காலை பரிசோதனைக்குப் போயிருக்கிறது, வேறொரு ஆஸ்பத்திரிக்கு. அண்ணனின் பழைய அறிக்கை அங்கே யாரிடமும் இல்லை. முடிவு வெள்ளிக்கிழமை.