மட்டையின் சாவி

டாக்குரியா, கொல்கத்தா
பிப்ரவரி 4, செவ்வாய்

அன்புள்ள பாகீரதிக்கு,

மஹாதேவன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

போனில் நான் “ம்”, “பார்க்கலாம்” என்ற இரண்டைத் தவிர எதுவும் சொல்வதில்லை, அதனால் திருச்சி மாற்றல் மூன்றாவது முறையும் ஏன் நின்றது என்று எழுதித் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தாய். இருபத்தாறு வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் எழுத்துமூலம் விளக்கம் கேட்டதில்லை. நீதான் முதல்.

உன் கடிதத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் கசிவுக்கு ஆறு வரி, நம் சுபிக்ஷாவின் பிராக்டிகல் பரீட்சைக்கு நான்கு வரி. கடைசியில் ஒன்றரை வரியில், கர்ப்பப்பையை எடுத்துவிடலாமென்று டாக்டர் சொல்லிவிட்டார், பதினான்காம் தேதி காலை, சௌகரியப்பட்டால் வாருங்கள் என்று இருந்தது. தொட்டி விஷயம் இப்போது எனக்கு நினைவில்லை. அந்த ஒன்றரை வரி மனப்பாடம்.

விளக்கத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கோல்ஃப் மட்டை. எங்கள் ஜெனரல் மானேஜர் லாஹிரி சாஹேபை உனக்குத் தெரியும். சுபிக்ஷாவுக்கு நொலேன் குட சந்தேஷ் என்ற வெல்ல இனிப்பைக் கொடுத்தனுப்பியவர். ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுகிறார். தூரத்துக் குழிகளுக்கு முதல் அடியைத் தூரமாக அடிப்பதற்கென்று இருக்கும் பெரிய தலை மட்டைக்கு டிரைவர் என்று பெயர். தலை டைட்டானியம், உள்ளே காலி. மூன்று வருஷம் முன்பு சாஹேப் புதிதாக ஒன்று வாங்கினார். ஆனாலும் பந்து புறப்பட்டுப் பாதி வழியில் வலப்பக்கம் வாழைப்பழம்போல் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். ஆபீஸ் பிக்னிக்கில் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். நான் உலோகப் பிரிவு ஆள். மட்டையோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். எங்கள் நிறுவனத்தில் கையேடு படிக்கும் பழக்கம் உள்ளவன் நான் ஒருவன்தான். அந்தப் பழக்கம்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

இந்தக் கால டிரைவரில் எல்லாவற்றையும் மாற்றலாம். தலையின் அடியில் ஒரு சிறு எடை நகரும். அதைத் தண்டு சேரும் பக்கமாகத் தள்ளினால், அடிக்கும்போது மட்டையின் முகம் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பந்து வலப்பக்கம் ஓடுவது குறையும். நுனிப் பக்கம் தள்ளினால் நேர்மாறு. தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு திருகு. அதைத் தளர்த்தித் தலையைத் திருப்பி வைத்தால் முகத்தின் சாய்வு ஒன்றிரண்டு டிகிரி கூடும், குறையும். கூட்டினால் முகம் சற்று மூடும், குறைத்தால் சற்று திறக்கும். இதற்கெல்லாம் இரண்டரை அங்குலத்தில் ஒரு சாவி. நான் எடையைத் தண்டுப் பக்கம் தள்ளி, சாய்வை ஒரு டிகிரி கூட்டிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பந்து நேராகப் போயிற்று. அன்றோடு நான் உலோகப் பிரிவில் சம்பளம் வாங்கும் மட்டை நிபுணன் ஆனேன். சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஈரம் அதிகமான நாளுக்கு ஒரு திருகு, காற்று நாளுக்கு ஒரு திருகு. நிமோனியா வார்டு டாக்டரைப்போல் என்னைத் தேடினார்கள். மாற்றல் மனு கொடுத்தபோதெல்லாம் சாஹேப் உண்மையாகவே வருந்தினார்.

உன் கடிதம் போன வியாழன் வந்தது. அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். நான் தேவைப்படுவதால்தானே விடவில்லை, தேவைப்படாதவனாகிவிடுவோம் என்று. ஞாயிறன்று அரையிறுதிப் போட்டி. சனிக்கிழமை, தெரு முழுக்க சரஸ்வதி பூஜை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருக்க, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எடையை நுனிக்குத் தள்ளினேன், சாய்வை இரண்டு டிகிரி குறைத்தேன். கையேட்டின்படி பந்து வலப்பக்கக் குளத்துக்குப் போயாக வேண்டும். அரசாங்கச் சொத்தைக்கூட நான் இதுவரை சேதப்படுத்தியதில்லை, பாகீரதி.

ஞாயிறு காலை, கிட்டத்தில் இருக்கும் முதல் குழியைச் சிறு மட்டையால் முடித்துவிட்டு, இரண்டாவதற்கு டிரைவரை எடுக்கும்போது சாஹேப் என்னைக் கூப்பிட்டு, இதோ பார் மொஹாதேப், நேற்று உன் மாற்றல் ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மட்டைப் பையின் பக்க ஜிப்பில் இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள், பவ்தி தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்றார். பவ்தி என்றால் அண்ணி, உன்னைத்தான். மட்டையை ஒரு நிமிஷம் கொடுங்கள் சார் என்று கேட்டேன். அவர் சிரித்து, ஆட்டம் ஆரம்பித்தாயிற்றே, இனிமேல் திருகைத் தொட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், விதி உனக்குத் தெரியாதா என்றார். தெரியும். அதுவும் அந்தக் கையேட்டில் இருக்கிறது.

அடித்தார். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. கடைசிக் குழிவரை அப்படித்தான். ஜெயித்த பிறகு டீ குடிக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. ஒரு மாதமாக என்னிடம் சொல்லாமல் ஒரு பயிற்சியாளரிடம் போய்ப் பிடியை மாற்றியிருக்கிறார். அதனால் பந்து இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்ததாம். சொன்னால் என் மனம் புண்படுமே என்று மறைத்திருக்கிறார். அவருடைய புதிய கோணலும் நான் வைத்த கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நேராகிவிட்டன. நான் சொல்லாமலே நீ கண்டுபிடித்து மாற்றிவிட்டாயே, நீ மனுஷனா யந்திரமா என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

இனி எழுதப்போவதுதான் போனில் என் வாயில் வராதது. அவர் ஃபைலைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பக்க ஜிப்பைத் திறந்து, வெளியில் எடுத்து, என்னிடம் நீட்டினார். பதினாறாம் தேதி இறுதிப் போட்டி, நீ இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை, இருந்தாலும் நீயே சொல், போகத்தான் வேண்டுமா என்று கேட்டார். நான் தங்கள் விருப்பம் சார் என்றேன். அவர் ஃபைலை மறுபடி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

முதல் தடவையும் அதையேதான் சொன்னேன். இரண்டாம் தடவையும். பதினான்காம் தேதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லவில்லை. பிறர் மறுத்தார்கள் என்று உன்னிடம் மூன்று வருஷமாகச் சொன்னதில் பிறர் யாருமில்லை. இந்த ஊரில் என்னைப் பூட்டி வைத்தவன் யாரென்று கேட்டால், சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

இன்று காலை விடுப்புக் கடிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் உன் ஆபரேஷனை முழுசாக எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து பதினோராம் தேதி வண்டியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் பதினேழு. உறுதியாகாவிட்டால் முன்பதிவில்லாத பெட்டியில் வருவேன்.

இந்த உறைக்குள் அட்டையில் சுற்றி அந்தச் சாவி இருக்கிறது. இதுபோல் எந்தக் கோல்ஃப் கடையிலும் கிடைக்கும், சாஹேபுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால்தான் என்னை நினைத்தே பயமாக இருக்கிறது. தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டு. நடுவில் நான் போன் செய்து, அவசரம், அதைக் கூரியரில் அனுப்பு என்று கேட்டால், வரவே இல்லை என்று சொல்லிவிடு. நான் கெஞ்சினாலும் சொல்லிவிடு. நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும். இது ஒன்று மட்டும்.

ஸ்வெட்டர் எடுத்து வைத்துக்கொள். ஆஸ்பத்திரி அறையில் குளிரும். தியேட்டருக்கு அழைத்துப் போகும் முன் வாசலில் ஒரு தடவை பார்.

உன்,
மஹாதேவன்