மடைப் பலகை

ஜூன் 4
"தினமும் ஏதாவது எழுதுங்க மாமா, கை பழகும்" என்றாள் மருமகள். எழுதுகிறேன். நான் எழுதுகிறேன்! கைநாட்டு ஒழிந்தது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ஜூன் 9
வயலுக்குச் சுண்ணாம்பும் உமிக்கரியும் வந்து இறங்கின. மேட்டில் பேட்டரி உருக்கிய ஆலையை எப்போதோ மூடிவிட்டார்கள். அதன் கழிவுநீரில் வந்த காட்மியம் மட்டும் எங்கள் மண்ணை விடவில்லை. மண்ணிலிருந்து நெல்லுக்கு, நெல்லிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து என் மனைவியின் சிறுநீரகத்துக்கு. இப்போது எலும்பிலும் வலி.

மண் பரிசோதனை அம்மா சொன்னார்: "விஷம் போகாது ஐயா. வேருக்குப் போகாம கட்டிப்போடத்தான் இது. அறுத்ததும் நெல்லைச் சோதிப்போம். தேறலைன்னா இந்த வயல்ல இனிமே நெல்லே கூடாது."

மூட்டையில் 'சுண்ணாம்பு' என்று இருந்ததை நானே படித்தேன். சத்தமாக. "மெதுவா பெரியவரே, மூட்டைக்குக் காது செவிடாயிடும்" என்றார் சுமை இறக்கியவர்.

ஜூன் 11
கரி தூவினோம். "இப்பதான் அப்பனும் மகனும் ஒரே சாடை" என்று மனைவி வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு விலா வலிக்கும். வலியோடு சிரித்தாள்.

ஜூன் 12
"நம்ம வயல் சோறு எப்பங்க?" என்று கேட்டாள் மனைவி. கடை அரிசி அவளுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

ஆகஸ்ட் 30
கதிர் வந்துவிட்டது. மணி முற்றும்வரை தண்ணீர் நிற்க வேண்டுமாம். மண் காய்ந்தால், கட்டிப்போட்ட விஷம் அவிழ்ந்துகொள்ளுமாம். நாங்களோ கதிர் சாய்ந்ததுமே வடித்துப் பழகியவர்கள்; இல்லாவிட்டால் அறுப்பு மெஷின் புதையும்.

பழக்க தோஷத்தில் யாரும் திறந்துவிடக் கூடாதே. பலகையில் வெள்ளை பெயிண்டால் எழுதி நட்டேன்: மடையைத் திறக்காதே. வீட்டில் வாயைத் திறக்கவில்லை. எழுத்து பேசும்போது வாய் எதற்கு?

செப்டம்பர் 3
காய்ச்சல்.

செப்டம்பர் 11
எழுந்து வயலுக்குப் போனேன். மண் வெடித்துக் கிடக்கிறது. மடை திறந்திருக்கிறது.

"நீங்க படுத்துட்டீங்க. மவனுக்கு டவுன்ல வேலை. நான்தான் கம்பை ஊனிப் போய்த் திறந்தேன்" என்றாள் மனைவி. கல்யாணமான நாள்முதல் மடை அவள் பொறுப்பு. "பலகை ஒண்ணு நட்டிருந்தீங்களே, அதுமேல சாஞ்சுதான் மூச்சு வாங்கினேன். எழுத்து அழகா இருந்துச்சு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியாதா அது? நேற்றுவரை நானும் அப்படித்தானே — எப்படிடா மறந்தே, கிழவா?

"நல்ல வேலை செஞ்சே" என்றேன். திரும்பத் தண்ணீர் கட்டினேன்.

அக்டோபர் 16
நெல் தேறவில்லை.
"நடுவுல காஞ்சுதா ஐயா?" என்று கேட்டார் மண் பரிசோதனை அம்மா. நான்தான் திறந்தேன் என்றேன்.
"பலகை நட்டதும் நீங்க, திறந்ததும் நீங்களா? படிச்சு என்னப்பா புண்ணியம்?" என்றான் மகன். மனைவி உள்ளே படுத்திருந்தாள். கேட்டிருக்காது.

அக்டோபர் 20
நெல்லைப் புதைக்க ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 2
படுத்தே கிடக்கச் சலிப்பாம், எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். மருமகளை அனுப்பி மடைப் பலகையைப் பிடுங்கி வரச் செய்திருக்கிறாள்.

"உங்க எழுத்தையே பார்த்து எழுதறேன்."

"முதல்ல வெறும் பக்கம்" என்று எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டேன். மண், மழை, மரம். அவள் பிடியிலிருந்து சாக்பீஸ் இரண்டு முறை விழுந்தது.

ஆனால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள்.